காப்பாற்றப்பட்டவளை என்ன செய்வது?

‘ஸீட்டா கன்டாம்’ அனிமே தொடரின் 36ஆம் பகுதியில் ஃபோர் முராசாமே என்ற பெண் இறந்துபோகிறாள். ‘சூப்பர் ரோபோட் வார்ஸ்’ வரிசையில் வந்த வீடியோ கேம்கள் பலவற்றில் அவள் சாவதில்லை. விளையாடுபவர் மெனக்கெட்டால் அவளைக் காப்பாற்றிவிடலாம். தழுவல் என்ற சொல்லை நாம் அடிக்கடி புழங்குகிறோம். நாவல் படமாகும்போது எது விடுபட்டது, எது புதிதாகச் சேர்ந்தது என்று கணக்குப் பார்க்கிறோம். ஆனால் மூலக்கதையில் செத்தவளை எழுப்பி நம் கையில் ஒப்படைத்து, இனி இவள் உன் பொறுப்பு என்று சொல்லும் தழுவலை எப்படி மதிப்பிடுவது? வீடியோ கேமைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் உள்ள பதில் இந்தக் கேள்விதான்.

ராட்சத ரோபோ அனிமே பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 1972இல் வந்த கோ நகாயின் ‘மாஸிங்கர் ஸீ’யில் கோஜி என்ற பையன் ரோபோவின் தலைக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறான். ரோபோவைச் செய்து கொடுத்தவர் அவன் தாத்தா. வாராவாரம் ஓர் எந்திர அரக்கன் வருவான், பையன் அடித்து நொறுக்குவான், கடையில் பொம்மை விற்கும். சுத்தமான சிறுவர் கனவு. 1979இல் யோஷியுகி டொமினோ இயக்கிய ‘மொபைல் சூட் கன்டாம்’ இந்தக் கனவுக்குள் போரைக் கொண்டுவந்தது. அங்கே ரோபோ ஒரு ராணுவ ஆயுதம். தொழிற்சாலையில் டஜன் கணக்கில் தயாராகும், பழுதாகும், குண்டு தீர்ந்துபோகும். எதிரிக்கும் பெயர் உண்டு, ஊர் உண்டு, காத்திருக்க ஆள் உண்டு. முதல் ஒளிபரப்பில் பொம்மை விற்பனை சரியில்லாமல் தொடர் 43 பகுதிகளோடு முடித்துக்கொள்ளப்பட்டது. பண்டாய் நிறுவனம் 1980இல் வெளியிட்ட பிளாஸ்டிக் மாடல்களும் மறு ஒளிபரப்பும்தான் அதை நிமிர்த்தின. இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பேரங்காடிகளில் அடுக்கிவைத்திருக்கும் அந்தப் பெட்டிகளை வாங்கிப்போகிற எத்தனையோ பேருக்கு, இது பிள்ளைகளைப் போருக்கு அனுப்புவதைப் பற்றிய கதை என்பதே தெரியாது.

‘ஸீட்டா கன்டாம்’ அதன் தொடர்ச்சி. 1985 மார்ச் முதல் 1986 பிப்ரவரி வரை 50 பகுதிகளாக வந்தது. நாயகன் கமீல் பள்ளி மாணவன். கதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பெற்றோர் இருவரையும் பறிகொடுக்கிறான். ஃபோர் எதிரணியைச் சேர்ந்தவள். முராசாமே என்பது ஓர் ஆய்வுக்கூடத்தின் பெயர். ஃபோர் என்பது வரிசை எண், அந்த ஆய்வுக்கூடத்தின் நான்காவது சோதனை ஆள். அவளுடைய பழைய நினைவுகள் அவளிடம் இல்லை. போரிட்டால் அவை திரும்பக் கிடைக்கும் என்று நம்பவைத்து, சைக்கோ கன்டாம் என்ற மலை போன்ற எந்திரத்துக்குள் அவளை உட்கார வைக்கிறார்கள். ஹாங்காங் தெருக்களில் கமீலும் அவளும் சந்திக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் பேசிக்கொள்வதுபோல் பேசுகிறார்கள். பிறகு கிளிமஞ்சாரோவில் மறுபடியும் எதிரெதிர் எந்திரங்களில். கமீல் சண்டைக்கு நடுவே கெஞ்சுகிறான். அவள் மெல்லத் தன்னிலைக்கு வருகிறாள். அந்த நேரம் பார்த்து ஜெரிட் என்பவன் கமீலைத் தாக்க, குறுக்கே வந்து அந்த அடியைத் தான் வாங்கிக்கொண்டு சாகிறாள்.

இந்த வகை அனிமேயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். பைலட்டுகள் சுட்டுக்கொண்டே பேசுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும். பீரங்கி வெடிக்கும்போது உட்கார்ந்து கொள்கை விவாதமா? ஆனால் டொமினோவின் தொடர்களில் இந்தப் பேச்சுக்கு ஒரு வேலை இருக்கிறது. மனிதர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியும் என்ற நம்பிக்கையை அது ஒவ்வொரு முறையும் எழுப்பும், பிறகு கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று காட்டும். முதல் தொடரில் அமுரோவும் லாலாவும் ஒருவர் மனதை ஒருவர் அறிந்துகொண்ட பிறகுதான் அமுரோவின் கையாலேயே லாலா சாகிறாள். கமீலுக்கு ஃபோரோடு அது முடியவில்லை. அவனைத் தன் அண்ணன் என்று நம்பவைக்கப்பட்ட ரோசாமியாவை அவனே சுட்டுக் கொல்ல வேண்டிவருகிறது. கடைசிப் பகுதியில் போரை வென்றுவிடுகிறான். ஆனால் அவன் மனம் சிதைந்துவிடுகிறது. அந்தச் சிதைவு திடீரென்று வரவில்லை. பேசிப் பார்த்துப் பார்த்துத் தோற்ற ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தவன் அவன்.

இப்போது கேமுக்கு வருவோம். பான்பிரெஸ்டோ நிறுவனம் 1991 ஏப்ரலில் கேம்பாயில் வெளியிட்ட முதல் ‘சூப்பர் ரோபோட் வார்ஸ்’ ரொம்ப எளிமையானது. மாஸிங்கர், கெட்டர், கன்டாம் குடும்பத்து ரோபோக்கள் எல்லாம் ஒரே கட்டம் போட்ட வரைபடத்தில் நின்று சண்டையிடும், சதுரங்கம் மாதிரி. அதில் பைலட்டுகளே கிடையாது. ரோபோக்கள்தாம் உயிருள்ள பாத்திரங்கள். அதே ஆண்டு டிசம்பரில் வந்த இரண்டாம் பாகத்தில்தான் மனிதர்கள் உள்ளே ஏறினார்கள். மனிதர்கள் வந்ததும் அவர்களுடைய கதைகளும் வந்தன, கதைகளோடு சாவுகளும் வந்தன. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு ஆசிரியர்கள் எழுதிய தொடர்களின் நாயகர்கள் ஒரே கப்பலில் பயணிக்கிறார்கள். அவரவர் தொடரின் முக்கியக் காட்சிகள் ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப நடக்கின்றன. கிளிமஞ்சாரோவும் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் நம் பக்கத்து ரோபோ வீழ்ந்தால் பைலட் சாவதில்லை. பழைய ஆட்டங்களில், கட்டம் முடிந்ததும் பழுதுபார்க்கும் செலவு என்று ஒரு தொகை கழிக்கப்படும், அவ்வளவுதான். அடுத்த கட்டத்துக்கு எல்லாரும் புத்தம் புதிதாக வந்து நிற்பார்கள். அதாவது சாதாரணச் சண்டையில் சாவு என்பது ஒரு பட்டறை பில். கதை விதித்த இடத்தில் மட்டும்தான் சாவு நிஜம். கன்டாம் தொடர்களின் அடிப்படையே இதற்கு நேர் எதிரானது. அங்கே யாரும் எந்த நேரத்திலும் சாகலாம், பெயர் தெரியாத சிப்பாய்கூடக் கடைசி நொடியில் அம்மாவை அழைப்பான். இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கேம் மூலத்தை மலினப்படுத்திவிட்டது என்று ஒரு பத்தியில் தீர்ப்பு எழுதிவிடலாம். அவசரப்பட வேண்டாம் என்பேன். ஏனென்றால் மெனுவில் வேறொன்று இருக்கிறது.

அதன் பெயர் ஜப்பானிய மொழியில் ‘செத்தோகு’. பேசி மனதை மாற்றுதல். நகர்தல், தாக்குதல் போன்ற கட்டளைகளின் பட்டியலில் இது எப்போதும் இருக்காது. சரியான ஆளைச் சரியான எதிரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் மட்டும் முளைக்கும். எங்கள் ஊரில் பாசார் மாலாமில் வாங்கிய வட்டுகளை ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் விளையாடிய தலைமுறை ஒன்று உண்டு. நானும் அதில் ஒருவன். மெனுவின் இரண்டாவது வரி என்றால் இது, நான்காவது என்றால் அது என்று இடத்தை வைத்துத்தான் மனப்பாடம். ஒருநாள் திடீரென்று பட்டியலில் ஒரு புது வரி வந்து நிற்கும். என்னவென்று தெரியாமல் அழுத்துவோம். சண்டை நடக்காது. இரண்டு முகங்கள் மாறி மாறிப் பேசும். எதிரி நம் நிறத்துக்கு மாறிவிடுவாள். மொழி தெரியாதவனுக்கும் அங்கே என்ன நடந்தது என்று புரிந்துவிடும். பிற்பாடு நிலைமை மாறியது. 2017இல் ‘வி’, 2018இல் ‘எக்ஸ்’, 2019இல் ‘டி’ என்று தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே ஆங்கிலப் பதிப்புகள் வந்தன. அமெரிக்க ரசிகர்கள் அவற்றைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்து விளையாடினார்கள். எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்த நாங்கள் திடீரென்று முதல் வரிசைக்கு வந்துவிட்டோம்.

ஃபோரைக் காப்பாற்றுவது ‘செத்தோகு’ பொத்தானை அழுத்துவதோடு முடியும் வேலை இல்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் நிபந்தனை மாறும். முந்தைய கட்டங்களில் கமீல் அவளைச் சந்தித்திருக்க வேண்டும், கதை பிரியும் இடத்தில் குறிப்பிட்ட பாதையில் போயிருக்க வேண்டும், சில நேரம் கமீல் இத்தனை எதிரிகளை வீழ்த்தியிருக்க வேண்டும் என்று கணக்கு வேறு. இவற்றை ஆட்டம் நமக்குச் சொல்லவே சொல்லாது. தெரியாமல் விட்டால் அவள் தொடரில் செத்த மாதிரியே செத்துப்போவாள். எல்லாம் சரியாக இருந்தாலும் களத்தில் கமீலை அவள் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள், சுடாமல், பக்கத்துக் கட்டம் வரை கொண்டுபோக வேண்டும். அதைவிடக் கஷ்டம் மற்றவர்களைக் கட்டுப்படுத்துவது. எதிரியின் முறை வரும்போது அவள் நம் ஆட்களை அடிப்பாள். மாஸிங்கர் மாதிரி ஒரு முரடன் திருப்பி அடித்தால் அவள் கதை அங்கேயே முடிந்தது. அதனால் ஒவ்வொருவரையும் தடுப்பு நிலைக்கு மாற்றி, வாங்கிக்கொள், திருப்பி அடிக்காதே என்று நிறுத்திவைக்க வேண்டும்.

இந்த இடத்தில் கேம் மூலத்தைப் பிரமாதமாக வாசித்திருக்கிறது என்று நினைக்கிறேன். கமீல் தோற்றது அன்பு போதாமல் இல்லை. அவனோடு இருந்தவர்கள் எல்லாரும் தங்கள் போரை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவன் பேசி முடிக்கும் வரை சுடாமல் நிற்க ஒருவரும் இல்லை. கேம் அந்த இடைவெளியை உண்டாக்கித் தருகிறது. ஒருத்தியின் மனதை மாற்ற ஒருவன் போனால் போதாது, மீதி இருபது பேரும் அடி வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று நம் விரல்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. தொடரைப் பார்க்கும்போது இது எனக்குத் தெரியவில்லை. விளையாடும்போதுதான் தெரிந்தது. ஒரு தழுவல் மூலத்துக்குச் செய்யக்கூடிய நல்ல காரியம் இது.

‘இவாஞ்சலியன்’ தொடரை இந்த வரிசை கையாண்ட விதத்திலும் இதே போக்கைப் பார்க்கலாம். 1995இல் வந்த அந்தத் தொடரின் ஷிஞ்சி எல்லாராலும் கைவிடப்பட்ட பையன். 1997இல் ‘எஃப்’ ஆட்டத்தில் அவன் முதன்முதலாக இந்தக் கூட்டத்தில் சேர்ந்தான். கேமின் எழுத்தாளர்கள் அவன் சுபாவத்தை மாற்றவில்லை. அக்கம்பக்கத்தை மாற்றினார்கள். 1972இலிருந்து வந்த கோஜி அவனுக்கு அண்ணன் மாதிரி தோளில் கைபோடுகிறான். அழுமூஞ்சிப் பைலட்டுகளைக் கட்டிமேய்த்து அலுத்துப்போன கப்பல் தலைவர் பிரைட் இருக்கிறார். ஷிஞ்சி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்கிறான். தனித்தொடராகப் பார்த்தபோது ஓர் ஆன்மாவின் நோய் போலத் தெரிந்தது, சரியான ஆட்கள் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் தணியக்கூடியது என்று கேம் சொல்கிறது. இது மூலத்தை எளிமைப்படுத்துவது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது மூலத்தின் மீது வைக்கப்பட்ட நியாயமான விமர்சனமாகவே படுகிறது.

மூலத்தைத் தொடவே கூடாது என்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டொமினோவே தொட்டிருக்கிறார். 2005, 2006 ஆண்டுகளில் ‘ஸீட்டா’வை மூன்று திரைப்படங்களாகத் தொகுத்தபோது முடிவை மாற்றினார். மூன்றாம் படத்தின் இறுதியில் கமீலின் மனம் சிதைவதில்லை. இருபது வருடம் கழித்துத் தன் பையனை அவரே காப்பாற்றிவிட்டார். ரசிகர்கள் கேமில் செய்துகொண்டிருந்ததை ஆசிரியரும் செய்ததாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, ஃபோரைக் காப்பாற்றியது தவறா என்பது என் கேள்வி இல்லை. காப்பாற்றிய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்குச் சிக்கல்.

காப்பாற்றிய அடுத்த கட்டத்தில், யாரைக் களமிறக்குவது என்று கேட்கும் பட்டியலில் அவள் பெயர் இருக்கும். கன்டாம் பைலட்டுகள் வண்டி மாற்றிக்கொள்ளலாம் என்பதால் எந்த எந்திரம் காலியாக இருக்கிறதோ அதில் அவளை ஏற்றலாம். அவளுக்கும் சுடும் திறன், தவிர்க்கும் திறன் என்று எண்கள் இருக்கும். நாம் அவளைக் கொண்டு ஆட்களைக் கொல்லலாம், கொன்றால் அவள் நிலை உயரும். யோசித்துப் பாருங்கள். நினைவைப் பறித்து, எண்ணைப் பெயராக வைத்து, ஒரு பெண்ணை ஆயுதமாக்கினார்கள் என்பதுதான் தொடரின் குற்றச்சாட்டு. அவளை அந்த எந்திரத்திலிருந்து இறக்கிவிட வேண்டும் என்பதுதான் கமீலின் கெஞ்சல். கேமில் அவன் கெஞ்சல் பலிக்கிறது. அவள் அங்கிருந்து இறங்கி, நம் எந்திரத்தில் ஏறிக்கொள்கிறாள். ஆய்வுக்கூடத்துக்காரன் செய்ததை நாமும் செய்கிறோம், கொஞ்சம் அன்பான முகத்தோடு.

மெனுவில் தாக்கு என்று இருக்கிறது, தடு என்று இருக்கிறது, பேசி மாற்று என்றுகூட இருக்கிறது. வீட்டுக்குப் போ என்று ஒரு கட்டளை கிடையாது. தொடர்களின் உலகத்தில் அது கொஞ்சமாவது இருந்தது. அடுத்த தொடரான ‘டபுள் ஸீட்டா’வின் முடிவில், குணமடைந்த கமீல் ஃபாவோடு கடற்கரையில் ஓடுவதைப் பார்க்கிறோம். சில நொடிகள்தான். ஆனால் ரோபோ இல்லாத ஒரு வாழ்க்கை அவனுக்கு உண்டு என்று அந்தச் சில நொடிகள் சொல்லிவிடுகின்றன. கேம்கள் பலவற்றில் அதே கமீல் மறுபடியும் பைலட் இருக்கையில். உயிரோடிருப்பதும் போரிடுவதும் இந்த ஆட்டத்தில் ஒன்றேதான். யாருக்கு உயிர் உண்டோ அவர் ஒரு யூனிட்.

இதற்குக் காரணம் எழுத்தாளர்களின் அசட்டை இல்லை. ஆட்டத்தின் வடிவமே அப்படி. வியூக ஆட்டத்தில் பரிசு என்றால் புது யூனிட்தான், வேறெதைக் கொடுப்பது? வணிகமும் சேர்ந்துகொள்கிறது. இந்த வரிசையே ரோபோக்களை அழகாகக் காட்டுவதற்காக இருக்கிறது. ஒவ்வொரு பாகத்திலும் தாக்குதல் அசைவுகள் மெருகேறிக்கொண்டே போகின்றன, அவற்றைப் பார்க்கத்தான் பாதிப்பேர் வாங்குகிறோம். போரை வெறுக்கும் கதையைப் போர் எந்திரத்தின் பிளாஸ்டிக் மாடல் விற்றுக் காப்பாற்றிய முரண் கன்டாமின் பிறப்பிலேயே இருக்கிறது. கேம் அதைப் புதிதாக உண்டாக்கவில்லை, மறைக்கத் தெரியாமல் வெளியே வைத்திருக்கிறது.

இந்த வரிசையில் ஊறிய நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டார். “அட நீங்க வேற. அவளோட நம்பர்லாம் சுமார்தான்லா. அவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்தாலும் யாரு கீழ இறக்கப் போறா? பெஞ்சுலதான் உக்காந்திருப்பா.”

அவர் சொன்னது உண்மை. ஒரு கட்டத்தில் இத்தனை பேர்தான் இறங்கலாம் என்று வரம்பு உண்டு. கப்பலில் ஐம்பது அறுபது பேர் சேர்ந்துவிட்டால் பாதிப்பேர் ஆட்டம் முடியும் வரை களத்தைப் பார்ப்பதே இல்லை. கப்பலில் இருப்பார்கள். இடைவேளை உரையாடல்களில் எப்போதாவது முகம் காட்டுவார்கள். வெற்றி பெற்றதும் எல்லாரோடும் சேர்ந்து வீடு திரும்புவார்கள். நண்பர் இதை வீண்வேலை என்று சொன்னார். எனக்கு இது இந்த ஆட்டத்திலேயே மிக அந்தரங்கமான இடமாகத் தோன்றியது. வழிகாட்டியைத் தேடிப் படித்து, பத்துப் பதினைந்து கட்டங்களுக்கு முன்பிருந்தே திட்டம் போட்டு, முரடர்களை எல்லாம் அடி வாங்க வைத்து ஒரு பெண்ணை மீட்டு, பிறகு அவளை ஒரு தடவைகூடச் சண்டைக்கு அனுப்பாமல் வைத்திருப்பது. எந்தப் பரிசுக்காகவும் செய்யாதது. ஆட்டத்தின் கணக்குப்படி அது நஷ்டம். நான் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் விளையாடுகிறேன். இதே மாதிரி விளையாடுகிற வேறு சிலரையும் எனக்குத் தெரியும்.

ஆட்டம் தராத கட்டளையை விளையாடுபவர் தன் புறக்கணிப்பால் உருவாக்கிக்கொள்கிறார் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் இதை வைத்துக் கேமுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட எனக்கு மனமில்லை. நாம் கண்டுபிடித்த ஓட்டை அது, அவர்கள் கட்டிய கதவு கிடையாது. ‘செத்தோகு’வை யோசித்த கைகளுக்கு அடுத்ததையும் யோசிக்க முடியும். காப்பாற்றப்பட்ட ஒருத்தி யூனிட்டாக மாற மறுக்கும் ஒரு கட்டம், பட்டியலில் பெயர் வராமலேயே கப்பலில் வாழும் ஒரு பாத்திரம், அதற்கு ஆட்டம் தரும் ஏதோ ஒரு சின்ன அங்கீகாரம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருக்கும் வரிசை இது. சாவை மாற்றத் துணிந்த ஆட்டம் வாழ்வையும் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்கலாம்.

அது வரும்வரை, கன்டாம் கதைகளை நேசிப்பவர்கள் இந்த ஆட்டங்களை ஒருமுறையாவது விளையாட வேண்டும் என்றே சொல்வேன். முதலில் தொடரைப் பார்த்துவிடுங்கள். 36ஆம் பகுதியின் துக்கம் முழுசாக உங்களிடம் இருந்தால்தான் மெனுவில் முளைக்கும் அந்த ஒரு வரியின் எடை தெரியும். ஃபோரை மீட்டபிறகு அவளை எங்கே வைப்பது என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். அந்தப் பட்டியலுக்கு முன் கொஞ்ச நேரம் தயங்கி உட்கார்ந்தீர்கள் என்றால், டொமினோ 1985இல் சொல்ல வந்தது உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது.